மூலைகளின் சராசரி நிறைமையம் ஆகாது: பதினொன்றாம் வகுப்புப் பாடம் ஒன்றைப் பற்றி

மகள் இந்த வருஷம் பதினொன்றாம் வகுப்பு. போன மாசம் ஒரு ராத்திரி இயற்பியல் புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, செவ்வகத்துக்கு நிறைமையம் மூலைவிட்டம் ரெண்டும் வெட்டுற எடம்னு போட்டிருக்கு. அப்போ சரிவகத்துக்கும் அதேதானே?"

"இல்ல" என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. "ஏன் இல்ல?" என்று அடுத்துக் கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டேன். புத்தகத்தைப் புரட்டினேன். காட்டுவதற்கு அதில் ஒரு பக்கம் இல்லை.

சின்ன விஷயம், விட்டுவிடலாம். ஆனால் கிட்டத்தட்ட இதே தப்பை நான் வேலைக்குப் போன பிறகு, இரும்புத் தகடு ஒன்றின் மேல் செய்திருக்கிறேன். பி.இ. முடித்து, பல வருஷம் கோட் எழுதிய பிறகு. அதனால் இந்தப் பாடத்தைக் கொஞ்சம் நிதானமாக, ஒரு விமர்சகனாக உட்கார்ந்து படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

பாடத்தில் என்ன இருக்கிறது

தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல், 2018-ல் வந்த புதிய பாடத்திட்டம், முதல் தொகுதி, ஐந்தாவது அலகு. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புள்ளி நிறைகளில் ஆரம்பித்து, ஒவ்வொரு நிறையையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த நிறையால் வகு என்று தெளிவாக எடுத்துப் போகிறது. படகில் நடக்கும் மனிதன் கணக்கு இருக்கிறது. காசிமேட்டுப் பக்கம் படகில் ஏறி இறங்கிய எந்தப் பையனுக்கும் அது சட்டென்று பிடிபடும். ஒழுங்கற்ற தகட்டை நூலில் தொங்கவிட்டு ஈர்ப்பு மையம் கண்டுபிடிக்கும் முறையும் இருக்கிறது.

சிக்கல் நடுவில் இருக்கிறது. புள்ளி நிறைகளிலிருந்து சீரான வடிவங்களுக்குத் தாண்டும் இடத்தில். வட்டம், கோளத்துக்கு நடுப்புள்ளி. சதுரம், செவ்வகத்துக்கு மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளி. மற்றவற்றுக்கு வேறு முறைகள் வேண்டும் என்கிறது பாடம். அந்த முறைக்கு ஒரே ஒரு உதாரணம்: சீரான கோல், தொகையிடல் போட்டு, விடை பாதி நீளம். அப்புறம் சமபக்க முக்கோணம், உருளை, சதுரத்துக்கு நீயே கண்டுபிடி என்று ஒரு செயல்பாடு.

கோலின் நடுவில்தான் மையம் என்பது ஸ்கேலை விரலில் நிறுத்திப் பார்த்த மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்த விடைக்கு, இன்னும் சரியாகக் கைவராத ஒரு கருவி. கணிதப் புத்தகத்தில் தொகை நுண்கணிதம் இரண்டாம் தொகுதியில்தான் வருகிறது. இயற்பியல் இரண்டாம் அலகில் ஒரு அறிமுகம் இருக்கிறது, அவ்வளவுதான். இதனால் பிள்ளைகள் மனசில் நிற்பது: நிறைமையம் என்றால் ஒன்று சும்மா தெரியும், இல்லையென்றால் தொகையிட வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய நிலப்பரப்பு, வெட்டு, தெரிந்த துண்டுகளாக்கு, சராசரி எடு என்பது, காணாமலே போய்விடுகிறது.

என்சிஇஆர்டி புத்தகம் இந்த இடத்தில் பரவாயில்லை. முக்கோணத்தை அடிப்பக்கத்துக்கு இணையான பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையின் நடுப்புள்ளியும் நடுக்கோட்டில் விழும், ஆகவே மையமும் அதில்தான் என்று காட்டுகிறது. மூன்று ஒரு மீட்டர் சதுரங்களை ஒட்டிய 'ட' வடிவத் தகட்டுக்கும் கணக்கு போடுகிறது. விடை இரண்டு பக்கத்திலிருந்தும் 5/6 மீட்டர். இந்த 'ட'வை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

ஒரு சரிவகம், மூன்று பதில்கள்

முதலில் மகளின் கேள்வி. கீழ்ப்பக்கம் 3 மீட்டர், மேல்பக்கம் 1 மீட்டர், உயரம் 3 மீட்டர், இரண்டு பக்கமும் சமமாகச் சாயும் ஒரு சரிவகத் தகடு. அடியிலிருந்து மையம் எவ்வளவு உயரத்தில்?

மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளி: 2.25 மீட்டர். நான்கு மூலைகளின் சராசரி: 1.5 மீட்டர். இரண்டுமே தப்பு.

சரியான விடைக்குத் தொகையிடல் தேவையில்லை. நடுவில் 1 மீட்டர் அகலத்துக்கு ஒரு செவ்வகம் வெட்டு. பரப்பு 3 சதுர மீட்டர், அதன் மையம் 1.5 மீட்டர் உயரத்தில். மிச்சம் பக்கத்துக்கொரு செங்கோண முக்கோணம், இரண்டும் சேர்ந்து பரப்பு 3 சதுர மீட்டர், மையம் உயரத்தில் மூன்றில் ஒன்று, அதாவது 1 மீட்டர். பரப்பு சமம், ஆகவே நேர்பாதி: 1.25 மீட்டர்.

இரண்டு வரிக் கணக்கு. மூலைவிட்ட விதியை நம்பியிருந்தால் 3 மீட்டர் தகட்டில் ஒரு முழு மீட்டர் தள்ளிப் போயிருப்போம். செவ்வகத்தில் மூலைவிட்டம் வேலை செய்வதற்குக் காரணம் மூலைவிட்டம் அல்ல. வடிவத்தை அந்தப் புள்ளியைச் சுற்றி அரை வட்டம் திருப்பினால் அதே வடிவம் வருகிறது. அதனால் மையம் வேறெங்கும் இருக்க முடியாது. காரணம் சமச்சீர், மூலைவிட்டம் வெறும் அடையாளம். பாடம் அடையாளத்தைக் கொடுத்துவிட்டுக் காரணத்தை விட்டுவிட்டது. என் முதல் குற்றச்சாட்டு இதுதான்.

நான் செய்த தப்பு

பல வருஷம் முன்னால், திருவொற்றியூர் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வரைபட ஃபைலிலிருந்து தகட்டின் மூலைப் புள்ளிகளைப் படித்து, எடை கணக்கிட்டு, கிரேன் ஹூக் எந்தப் புள்ளிக்கு நேர் மேலே வரவேண்டும் என்று குறித்துக் காட்டும். நான் எழுதியது ஒரே வரி: எல்லா மூலைகளின் சராசரி. டெஸ்ட் கேஸில் செவ்வகம் ரெண்டு, முக்கோணம் ஒன்னு. மூணும் பாஸ்.

மூணாவது நாள் போன் வந்தது. அங்கே இருந்த மூத்த ரிக்கர்.

"சார், உங்க புள்ளி ஒரு பக்கமா சாயுது சார்."

"எந்தத் தகடுண்ணே?"

"ட மாதிரி வெட்டுனது. நாங்க எப்பவும் நாலு இஞ்ச் தூக்கிப் பாத்துட்டுதான் மேல ஏத்துவோம். அப்பவே இறக்கிட்டோம். ஒன்னும் ஆவல. ஆனா இன்னாத்துக்கு சார் புள்ளி ஓரத்துல போய் நிக்குது?"

போய்ப் பார்த்தேன். அந்தத் தகட்டின் அளவுகளை விட்டுவிட்டு, என்சிஇஆர்டியின் 'ட'வையே எடுத்துக்கொள்வோம், கதை ஒன்றுதான். மூலைகள் ஆறு. நீங்களே சராசரி எடுத்துப் பாருங்கள்: இரண்டு பக்கத்திலிருந்தும் சரியாக 1 மீட்டர். அது தகட்டின் உள்மூலை, ஓரத்திலேயே இருக்கும் புள்ளி. உண்மையான மையம் 5/6 மீட்டரில். இரண்டுக்கும் குறுக்குத் தூரம் கிட்டத்தட்ட 24 சென்டிமீட்டர்.

இதைவிட மோசம் இன்னொன்று. அதே 'ட'வின் அடிப்பக்கத்தில், நேர்கோட்டின் நடுவே, வரைபவர் ஒரு புள்ளியைக் கூடுதலாக வைத்துவிட்டார் என்று வையுங்கள். தகடு மாறவில்லை, ஒரு கிராம்கூடக் கூடவில்லை. ஆனால் என் சராசரி இப்போது ஏழு புள்ளிகளின் சராசரி. அடியிலிருந்து அது 1 மீட்டரிலிருந்து 6/7 மீட்டருக்கு இறங்கிவிடும். இரும்பு நகராமல் மையம் மட்டும் 14 சென்டிமீட்டர் நகர்கிறது என்றால், நான் கணக்கிட்டது இரும்பின் மையமே அல்ல. யாரோ கம்ப்யூட்டரில் வைத்த புள்ளிகளின் மையம்.

திருத்தம் எளிது. ஒவ்வொரு ஓரத்தையும் ஆதிப்புள்ளியோடு சேர்த்து முக்கோணமாக்கி, ஒவ்வொன்றின் மையத்தையும் அதன் பரப்பால் பெருக்கிக் கூட்டவேண்டும். சுற்றும் திசையைப் பொறுத்துப் பரப்பு கூட்டலாகவோ கழித்தலாகவோ வரும், உள்ளே மடங்கிய மூலைகளை அதுவே பார்த்துக்கொள்ளும். பத்து வரி கோட். எனக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. முக்கோணத்தில் சரியாக வந்த ஒன்றை எல்லா வடிவத்துக்கும் சரி என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பள்ளிக்கூடத்தில் முக்கோணத்துக்கு நான் மனப்பாடம் செய்த சூத்திரம்தான்: மூன்று முனைகளையும் கூட்டி மூன்றால் வகு.

முக்கோணம் எப்படி ஏமாற்றுகிறது

முக்கோணத் தகட்டில் மூலைகளின் சராசரியும் தகட்டின் மையமும் ஒன்றாக வருவது உண்மை. ஆனால் தகட்டுக்குப் பதில் கம்பியை வளைத்து அதே முக்கோணத்தைச் செய்தால் அந்த ஒற்றுமை உடைந்துவிடும்.

3, 4, 5 மீட்டர் செங்கோண முக்கோணம். தகடாக இருந்தால், செங்கோண மூலையிலிருந்து 4 மீட்டர் பக்கத்தின் திசையில் மையம் 1.33 மீட்டரில். கம்பியாக இருந்தால் ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியையும் அதன் நீளத்தால் பெருக்கிச் சராசரி எடுக்கணும். விடை 1.5 மீட்டர். வடிவம் ஒன்று, இரண்டும் 'சீரானது'தான், ஆனால் மையம் 17 சென்டிமீட்டர் வேறு.

என் இரண்டாவது குற்றச்சாட்டு இது. 'சீரான' என்ற சொல்லைப் பாடம் ஒரு சலுகை மாதிரி பயன்படுத்துகிறது: சீரானது என்றால் அடர்த்தியை அடித்துவிடலாம், கணக்கு சுலபம். எதில் சீரானது என்று ஒருமுறைகூட நின்று கேட்பதில்லை. நீளத்திலா, பரப்பிலா, கன அளவிலா? கிரில் பட்டறையில் ஃப்ரேம் அடிக்கிறவருக்கும் ஷீட் வெட்டுகிறவருக்கும் இது ஒரே கேள்வி அல்ல. கணக்கே அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

மூன்றில் ஒன்று எங்கிருந்து வருகிறது?

சரிவகக் கணக்கில் முக்கோணத்தின் மையம் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் என்று எடுத்துக்கொண்டேன். மகள் விடவில்லை. "அது மட்டும் எப்படி?" தொகையிடாமல் காட்ட ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது.

உயரத்தில் ஏதோ ஒரு பங்கில் மையம் இருக்கிறது என்று வைப்போம். அந்தப் பங்கின் பெயர் 'க', உயரம் 'உ'. மையம் அடியிலிருந்து க × உ. இப்போது மூன்று பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணைத்தால், முக்கோணம் நான்கு சம முக்கோணங்களாகப் பிரியும். எல்லாம் பெரியதைப் போன்றவையே, அளவில் பாதி. கீழே நிமிர்ந்தபடி இரண்டு, மேலே நிமிர்ந்தபடி ஒன்று, நடுவில் தலைகீழாக ஒன்று.

கீழே இரண்டின் மையமும் கஉ/2 உயரத்தில். மேலே இருப்பது உ/2-ல் ஆரம்பிக்கிறது, ஆகவே உ/2 + கஉ/2. தலைகீழாக இருப்பதற்கு அடிப்பக்கம் மேலே, ஆகவே உ/2 − கஉ/2. நான்கையும் கூட்டினால் உ + கஉ. நான்கால் வகுத்தால் பெரிய முக்கோணத்தின் மையம் வரவேண்டும், அதாவது கஉ. ஆக 1 + க = 4க. க = 1/3.

அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் போதும். இதில் ஒளிந்திருக்கும் ஒரே அனுமானம், ஒத்த வடிவங்களின் மையங்கள் ஒத்த இடத்தில் இருக்கும் என்பது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் தளங்களின் சமநிலை பற்றி எழுதிய நூலில் ஆர்க்கிமிடீஸ் இதை வெளிப்படையாக ஒரு எடுகோளாகவே வைக்கிறார். முக்கோணத்தின் மையம் நடுக்கோடுகள் சந்திக்கும் புள்ளி என்று அதே நூலில் நிறுவுகிறார். நுண்கணிதம் பிறக்க இன்னும் சுமார் ஆயிரத்து தொள்ளாயிரம் வருஷம் இருந்தது. இதைப் பதினொன்றாம் வகுப்புக்குக் கொடுக்க நமக்கு என்ன தயக்கம் என்று புரியவில்லை.

இரும்பே இல்லாத இடத்தில் இரும்பின் மையம்

நிறைமையம் பொருளுக்கு வெளியேயும் இருக்கலாம் என்று பாடம் ஒரு வரியில் சொல்லிப் போகிறது. வழக்கமாகக் காட்டும் உதாரணம் வளையம். வட சென்னைப் பிள்ளைக்கு அதைவிடப் பக்கத்தில் இருப்பது ஆங்கிள். பந்தல், ஷெட், ஜன்னல், தள்ளுவண்டிச் சட்டம், எல்லாவற்றிலும் இருக்கும் சாதா ஆங்கிள்.

50-க்கு 50, 6 மில்லிமீட்டர் கனம் உள்ள ஆங்கிளை எடுங்கள். குறுக்குவெட்டு ஒரு மெலிந்த 'ட'. இரண்டு செவ்வகமாக வெட்டுங்கள்: ஒன்று 50 × 6, மற்றொன்று 44 × 6. முதலாவதன் மையம் 3 மில்லிமீட்டரில், இரண்டாவதன் மையம் 28 மில்லிமீட்டரில். பரப்பால் எடையிட்டுச் சராசரி எடுத்தால் 14.7 மில்லிமீட்டர். கம்பியின் கனமோ 6 மில்லிமீட்டர். இரண்டு திசையிலும் இப்படித்தான், ஆகவே மையம் காற்றில் நிற்கிறது. பொறியாளர்கள் வைத்திருக்கும் ஸ்டீல் டேபிளில் இதற்கு 14.5 என்று இருக்கும். நிஜ ஆங்கிளின் உள்மூலை வளைவாக நிரம்பியும் நுனிகள் மழுங்கியும் இருப்பதால் வரும் சின்ன வித்தியாசம் அது. செவ்வகக் கணக்கு எவ்வளவு கிட்டே வந்துவிட்டது பாருங்கள்.

துறைமுகத்தில் ஒரு பரீட்சைக் கேள்வி

1983-லிருந்து சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் ஓடுகிறது. இப்போது எண்ணூர், காட்டுப்பள்ளியும் சேர்ந்துவிட்டன. எண்ணூர் விரைவுச்சாலையில் ட்ரெய்லர் வரிசையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளின் பாடத்தில் ஒரு கண்டெய்னர்கூட வராதது எனக்கு உறுத்தல்.

2016 ஜூலை 1 முதல், ஏற்றுமதிக் கண்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடையைக் கொடுக்காமல் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சர்வதேச விதி. எடை தெரிந்துவிடுகிறது. மையம் எங்கே என்பது அந்த எண்ணில் இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு, உலகத் தொழிலாளர் அமைப்பு, ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் மூன்றும் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட சரக்கு அடுக்கும் வழிகாட்டியில் அதற்கு ஒரு கைவிதி உண்டு: பொதுவாகச் சரக்கின் மையம் நீளத்தின் நடுவிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது, தோராயமாக, நீளத்தின் ஒரு பாதியில் 60 சதவீதத்துக்கு மேல் எடை போகாமல் பார்த்துக்கொள்.

60-லிருந்து 5 எப்படி வந்தது? இரண்டு செவ்வகம். முதல் பாதியின் மையம் நீளத்தில் 1/4-ல், இரண்டாம் பாதியின் மையம் 3/4-ல். 0.6 × 0.25 + 0.4 × 0.75 = 0.45. நடுவிலிருந்து விலகல் 0.05. அதாவது 5 சதவீதம். 40 அடிக் கண்டெய்னரின் உள்நீளம் சுமார் 12 மீட்டர், ஆக 60 சென்டிமீட்டர்.

இதற்குள்ளும் அந்தச் 'சீரான' ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு பாதிக்குள்ளும் சரக்கு சீராகப் பரவியிருந்தால்தான் இந்தக் கணக்கு. அதே 60 சதவீதத்தைக் கதவுப் பக்கக் கால்வாசி நீளத்திலேயே அடைத்துவிட்டால்? 0.6 × 0.125 + 0.4 × 0.75 = 0.375. விலகல் 12.5 சதவீதம், ஒன்றரை மீட்டர். 60:40 என்ற கைவிதி மீறப்படவில்லை. எடை மேடையில் எண்ணும் மாறாது. தூக்கும்போது, அல்லது ட்ரெய்லர் பிரேக் போட்டுத் திரும்பும்போது மட்டும்தான் தெரியும். அந்தச் சாலையில் பக்கத்திலேயே ஸ்கூட்டியில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறவர்கள் நாம்.

பாடத்துக்கு நான் சொல்வது

பாடநூல் எழுதியவர்கள் தரப்பையும் யோசித்துப் பார்த்தேன். பக்கம் குறைவு, இந்த அலகில் திருப்புவிசையும் நிலைமத் திருப்புத்திறனும் இருக்கின்றன, கோலுக்குத் தொகையிடுவது பின்னால் நிலைமத் திருப்புத்திறனுக்குப் பயிற்சியாக உதவுகிறது. அதெல்லாம் சரி. நான் கேட்பது தொகையிடலை எடு என்று அல்ல. அதற்கு முன்னால் ஒன்றரைப் பக்கம்.

சமச்சீர் ஏன் மையத்தைப் பிடித்து நிறுத்துகிறது என்று ஒரு பத்தி. முக்கோணத்தை நான்காக வெட்டும் அந்த ஆறு வரி. சரிவகம், 'ட', ஆங்கிள் என்று வெட்டிச் சேர்க்கும் மூன்று கணக்கு. கம்பி முக்கோணத்தையும் தகட்டு முக்கோணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'எதில் சீரானது?' என்று ஒரு கேள்வி. தொங்கவிடும் செய்முறையை இந்தக் கணக்குகளுக்கு முன்னால் அல்ல, பின்னால் வைக்க வேண்டும், சொன்ன விடையைச் சோதிக்கும் பரீட்சையாக. அந்த ரிக்கர் அண்ணன் நாலு இஞ்ச் தூக்கிப் பார்த்தது வேறென்ன? நூலுக்குப் பதில் ஸ்லிங், அட்டைக்குப் பதில் தகடு. என் கோடைவிட அந்தச் செய்முறை நம்பகமாக இருந்தது.

மகள் அன்றைக்கே காலி கார்ன்ஃபிளேக்ஸ் அட்டையில் 30 சென்டிமீட்டர் அடி, 10 சென்டிமீட்டர் மேல், 30 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சரிவகம் வரைந்து வெட்டினாள். 22.5, 15, 12.5 என்று மூன்று புள்ளி குறித்தாள். ஊசியும் நூலும் வைத்து ஒரு ஓர மூலையிலிருந்து தொங்கவிட்டோம். நூல் 12.5-ஐ ஒரு இரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் கடந்தது. அட்டை நடுவில் ஒரு மடிப்பு இருந்தது, அதனால்தான் என்று அவள் சொல்கிறாள். இருக்கலாம். மடிப்பில்லாத அட்டை கிடைத்ததும் 'ட' வெட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.